அஞ்சும் பூனைக்கு அடைக்கலம்



நம் மேரு வட்டாரத்தில் பூனை இல்லாத தெருவைக் காண்பது அரிது. சந்தையில் மீன் விற்கும் இடத்திலும், உணவுக் கடைகளின் பின்புறத்திலும், செம்பனை மரங்களுக்கு இடையிலும் பூனைகள் திரிகின்றன. அவற்றுள் கொழுகொழுவென்று இருப்பதையும், கூப்பிட்டவுடன் ஓடி வருவதையும் எவரும் விரும்பி எடுத்துச் செல்வர். ஆளைக் கண்டதும் ஓடி ஒளியும் பூனையை, அதிலும் தீராத நோய் உடைய பூனையை விரும்புவோர் மிகச் சிலரே. அத்தகைய பூனையை வீட்டில் ஏற்று வளர்ப்பது எப்படி என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

பூனை நம் மொழிக்குப் புதிய விலங்கன்று. வெருகு என்னும் காட்டுப் பூனையின் இளமைப் பெயர் 'குட்டி' என்பதைத் தொல்காப்பியத்தின் மரபியல் கூறுகிறது. 'பூனைக்குட்டி' என்று நாம் இன்று சொல்லும்போது அந்தப் பழைய மரபையே பின்பற்றுகிறோம். மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் நீங்கள் படித்திருப்பீர்கள். அவர்கள் செய்தது ஒருநாள் கொடை. நோயுற்ற ஒரு பூனையை ஏற்பதோ பல ஆண்டுக் கொடையாகும். ஆதலால் இரக்கம் மட்டும் போதாது. அறிவும் பொறுமையும் வேண்டும்.

பூனை ஏன் அஞ்சுகிறது?

பூனைக்குட்டி பிறந்த 2ஆம் வாரம் முதல் 7ஆம் வாரம் வரையுள்ள காலம் மிகவும் முக்கியமானது. அக்காலத்தில் மனிதரின் கையும் குரலும் பழகிய குட்டி, பின்னர் மனிதரிடம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. அக்காலத்தில் மனிதரையே காணாத குட்டி, வளர்ந்த பின் நம்மைப் பகையாகவே எண்ணும். கல்லெறியும் உதையும் பட்ட பூனையும் அவ்வாறே அஞ்சும்.

வேறொரு காரணமும் உண்டு. சிலாங்கூரில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயன் வீடுகளை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயரும்போது, சாமான்கள் லோரியில் ஏறிவிடும், பூனை பின்தங்கிவிடும். நேற்று வரை சோறிட்ட கை இன்று இல்லை என்பதை அவ்வுயிர் எங்ஙனம் அறியும்? வீட்டில் வளர்ந்த பூனையும் கைவிடப்பட்டால் சில காலத்திற்குள் காட்டுப் பூனை போல் மருளத் தொடங்கும். எனவே கூச்சமுள்ள பூனையைக் 'கெட்ட பூனை' என்று சொல்லுதல் தவறு. அதன் அச்சம், அது பட்ட துன்பத்தின் சுவடு.

தீராத நோய்கள் எவை?

தெருவில் வாழ்ந்த பூனைகளிடம் சில நெடுநாள் நோய்களைக் காணலாம்.

பூனைச் சளிக்காய்ச்சல் ஒன்று. இதனை உண்டாக்கும் கிருமிகளுள் ஒரு வகை, காய்ச்சல் தணிந்த பின்னும் உடலில் மறைந்து வாழும். பூனை கலங்கும்போது மீண்டும் கண்ணில் நீரும் தும்மலும் தோன்றும்.

சிறுநீரக நோய் மற்றொன்று. வயது முதிர்ந்த பூனைகளிடம் இது மிகுதி. சிறுநீரகத்தின் பெரும்பகுதி பழுதான பின்னரே அறிகுறிகள் வெளிப்படும். பூனை அடிக்கடி நீர் குடித்தாலும், மிகுதியாகச் சிறுநீர் கழித்தாலும், உடல் மெலிந்தாலும் உடனே மருத்துவரை நாட வேண்டும். நீரிழிவுக்கும் இதே அறிகுறிகள் உண்டு. மனிதரைப் போலவே பூனைக்கும் இன்சுலின் ஊசி போடப்படுகிறது.

மூன்றாவது, பூனையின் நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் நச்சுயிரி. 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இது கண்டறியப்பட்டது. 'பூனை எய்ட்ஸ்' என்னும் பெயரைக் கேட்டு மக்கள் நடுங்குகின்றனர். இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. பூனைகள் சண்டையிட்டு ஆழமாகக் கடிப்பதனாலேயே பெரும்பாலும் பரவுகிறது. கருத்தடை செய்து வீட்டிற்குள்ளேயே வைத்திருந்தால், இந்நோயுடைய பூனையும் பல ஆண்டுகள் நலமாக வாழலாம். இதனின் வேறானது பூனை இரத்தப் புற்றுநோய் நச்சுயிரி. அது எச்சில் வழியாகவும் பரவும். ஆதலால் அதனையுடைய பூனையை மற்றப் பூனைகளிடமிருந்து பிரித்து வளர்க்க வேண்டும். இவ்விரண்டையும் இரத்தப் பரிசோதனையால் அறியலாம்.

முதல் நாள்களில் செய்ய வேண்டியவை

1. பூனைக்கு முழு வீட்டையும் திறந்துவிடாமல், அமைதியான ஓர் அறையை மட்டும் கொடுங்கள். உணவும் நீரும் ஒரு பக்கத்திலும், மணல் தட்டு எதிர்ப்பக்கத்திலும் இருக்கட்டும்.

2. ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டியை வையுங்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காப்பகப் பூனைகள் சிலவற்றுக்கு மட்டும் பெட்டி கொடுத்துப் பார்த்தனர். பெட்டி பெற்ற பூனைகளின் கலக்கம் விரைவில் தணிந்ததை 2014இல் வெளியிட்டனர். பைசா செலவில்லாத மருந்து இது!

3. பூனையைப் பிடித்து இழுக்காதீர்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் அறைக்குச் சென்று, தரையில் அமர்ந்து, மெல்லிய குரலில் பாடம் படியுங்கள். அதற்கு உங்கள் குரல் பழகும். உங்களுக்குப் பாடமும் பழகும்.

4. அதனை உற்று நோக்காதீர்கள். கண்களை மெதுவாக மூடித் திறந்து காட்டுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வாறு செய்வோரிடம் பூனைகள் நெருங்கி வர விரும்பின.

5. உண்ணும் அளவைக் குறித்து வையுங்கள். அச்சத்தால் பூனை உண்ணாதிருக்கலாம். இரண்டு நாள் பட்டினி கிடந்தாலே அதன் கல்லீரல் கெடக்கூடும். கூச்சத்தோடு நோயும் சேர்ந்த பூனைக்கு இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஏனெனில், எப்போதும் ஒளிந்திருக்கும் பூனையின் நோய் எவர் கண்ணிலும் படாது.

பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகலாம். சில மாதங்களும் ஆகலாம். மடியில் வந்து அமராவிட்டாலும், நீங்கள் இருக்கும் அறையில் அஞ்சாமல் உறங்கினால் அதுவும் வெற்றியே.

உணவும் மருந்தும்

பூனை ஊன் உண்ணும் விலங்கு. 'டாரின்' என்னும் சத்து ஊனிலிருந்தே அதற்குக் கிடைக்க வேண்டும். அச்சத்துக் குறைந்தால் பூனையின் பார்வை கெடும் என்று 1975இலும், இதயம் பழுதாகும் என்று 1987இலும் அறிஞர் வெளியிட்டனர். ஆதலால் வெறும் சோறு போதாது. நாம் உண்ணும் குழம்பைச் சோற்றில் பிசைந்து வைப்பது அதனினும் தீது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை அழிக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது. தூய நீரே நல்லது. சிறுநீரக நோயுள்ள பூனைக்கு மருத்துவர் கூறும் உணவையே தருக. உப்புக் கருவாடு வேண்டா.

பெற்றோர்களே, இதனை நன்கு நினைவில் வையுங்கள். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமோல் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதுமானது. அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அதே காரணத்தால் பினாயில் போன்ற கிருமிநாசினிகளும் அதற்குக் கேடு தரும். நாய்க்கு உண்ணி போக்கப் பூசும் 'பெர்மெத்ரின்' மருந்தும் பூனைக்கு நஞ்சாகும். தோட்டங்களில் எலிக்கு வைக்கும் நஞ்சு, அந்த எலியைத் தின்ற பூனையையும் தாக்கும். நோயுற்ற பூனையை வெளியே விடாமல் வளர்க்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மணல் தட்டைத் தினமும் துப்புரவு செய்து, கைகளைச் சவர்க்காரம் இட்டுக் கழுவுங்கள். கருவுற்ற தாய்மார்கள் அவ்வேலையைப் பிறரிடம் விட்டுவிடுதல் நலம்.

ஏற்குமுன் எண்ணுக

வீட்டிற்குள் வாழும் பூனை 15 ஆண்டுகள்கூட உயிர்வாழும். இன்று ஒன்றாம் ஆண்டில் பயிலும் பிள்ளை அப்போது பெரியவராகிவிடுவார். மருந்துச் செலவை யார் ஏற்பார்? தைப்பூசத்திற்குப் பத்துமலை செல்லும் நாளில் மருந்து கொடுப்பவர் யார்? குடியிருக்கும் வீட்டில் பூனை வளர்க்க இசைவு உண்டா? இவற்றைக் குடும்பத்தார் கூடிப் பேசி முடிவு செய்க. இயலாது என்று முன்பே கூறுவது குற்றமன்று. ஏற்ற பின் கைவிடுவதே பெருங்குற்றம்.

சட்டமும் இதனை வலியுறுத்துகிறது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், தக்க இடமும் உணவும் தந்து, வலியினின்றும் நோயினின்றும் விலங்கைக் காப்பது உரிமையாளரின் கடமை என்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, 3 ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பூனையை வாங்கிப் பணம் செலவிடுவதை விட, காப்பகத்திலிருந்து எடுப்பது சிறந்தது. 1958இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இத்தொண்டில் நெடுநாள் ஈடுபட்டு வருகிறது. செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவமனையும் உண்டு. பூனையை ஏற்க இயலாதோர், தம் பகுதியில் திரியும் ஒரு பூனைக்குக் கருத்தடை செய்விக்க உதவலாம். அதனால் பிறக்கவிருக்கும் பல குட்டிகளின் துன்பம் தவிர்க்கப்படும்.

மாணவர்களே! அழகும் நலமும் உள்ளதை நேசிப்பது எளிது. அஞ்சி ஒதுங்கும் உயிரிடம் அவசரப்படாமல், அது தானே வரும்வரை காத்திருக்கக் கற்றவர், நாளை வகுப்பில் ஒதுங்கி நிற்கும் புதிய மாணவனிடமும், வீட்டில் நோயுற்ற முதியவரிடமும் அதே பொறுமையைக் காட்டுவார். அப்பண்பை வளர்ப்போம், வாயில்லா உயிர்களுக்கு அரணாய் நிற்போம்.

பயிற்சி வினாக்கள்

1. பூனைக்குட்டி மனிதரிடம் பழக ஏற்ற காலம் எது?
2. அட்டைப் பெட்டி பூனைக்கு எவ்வாறு உதவுகிறது?
3. குழம்புச் சோறு பூனைக்கு ஏன் ஆகாது?
4. பாராசிட்டமோல் பூனைக்கு நஞ்சாவதன் காரணம் யாது?
5. நோயுற்ற பூனையை ஏற்குமுன் உங்கள் குடும்பத்தார் பேசி முடிவு செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடுக.