பில் ஹோல்டில் இருக்கிறதா? காரணத்தைத் தேடி எடுங்கள்

தேனி பஸ்ஸிலோ திண்டுக்கல் பஸ்ஸிலோ வந்து மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி, நேராகக் கட்டுமான நிறுவனத்தின் அக்கவுன்ட்ஸ் அறைக்கு வரும் சப்ளையர் கேட்பது ஒன்றுதான்: “தம்பி, என் பில்லு என்னாச்சு?”

“ஹோல்டுல இருக்குண்ணே” என்பது பதிலாகாது. எந்த பில், என்ன காரணம், யார் விடுவிக்க வேண்டும், எத்தனை நாளாக நிற்கிறது? இந்த நான்கையும் சாஃப்ட்வேரிலிருந்து எடுத்துச் சொல்லத் தெரிந்தால், பி.காம் முடித்து வந்த புதியவருக்கும் சீக்கிரமே மதிப்பு கூடும்.

ஹோல்டு ஏன் விழுகிறது?

பர்ச்சேஸ் ஆர்டர், சைட்டில் பொருள் இறங்கியதற்கான ஜிஆர்என், சப்ளையரின் இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். 500 மூட்டை சிமென்டுக்கு பில் வந்து, ஜிஆர்என் 480 என்று காட்டினால் அளவு ஹோல்டு. ஆர்டர் விலையும் பில் விலையும் வேறானால் விலை ஹோல்டு. இவற்றை சாஃப்ட்வேரே போட்டுவிடும். ஜிஎஸ்டிஆர்-2பி-யில் பில் வரவில்லை, லேபர் கான்ட்ராக்டர் பிஎஃப் சலான் தரவில்லை, வேலை அளவை எழுதும் எம் புக்கில் இன்ஜினீயர் கையெழுத்து இல்லை என்பவை பெரும்பாலும் ஆள் போடும் ஹோல்டுகள்.

ரிட்டென்ஷன் வேறு விஷயம். அது ஒப்பந்தப்படி பிடித்து வைக்கும் தொகை. அதை ஹோல்டு பட்டியலில் கலக்காதீர்கள்.

பட்டியல் எடுப்பது எப்படி?

எஸ்ஏபி-யில் எம்ஆர்பிஆர் திரை, அளவு, விலை வித்தியாசத்தால் நிற்கும் பில்களைக் காரணத்தோடு காட்டும். அதோடு நிறுத்தினால் பட்டியல் முழுமையாகாது. எஃப்பிஎல்1என் திரையில் சப்ளையர் கணக்கைத் திறந்து, பேமென்ட் பிளாக் பத்தியையும் பாருங்கள். சில சமயம் பில்லில் குறையே இருக்காது. சப்ளையர் கணக்குக்கே தடை போட்டிருப்பார்கள்.

ஆரக்கிள் கிளவுடில் இன்வாய்ஸ் ஹோல்டுகளின் பதிவுகளை நேரடியாகக் கேட்டு வாங்க, அதற்கென்றே ரெஸ்ட் ஏபிஐ உண்டு. எத்தனை வேண்டும் என்று சொல்லாவிட்டால், ஒரு முறைக்கு 25 பதிவுகளைத்தான் தரும். ‘ஹேஸ்மோர்’ என்ற இடத்தில் ‘ட்ரூ’ என்று வந்தால் மிச்சம் இருக்கிறது. ‘ஃபால்ஸ்’ வரும்வரை அடுத்தடுத்த பக்கங்களைக் கேளுங்கள். முன்பே விடுவித்த ஹோல்டுகளும் பதிவில் இருக்கும் என்பதால், நடப்பில் உள்ளவற்றை மட்டும் பிரித்தெடுங்கள்.

எந்த சாஃப்ட்வேரானாலும் பார்க்கும் அனுமதி மட்டும் உங்களுக்குப் போதும். பில்லைப் பதிவு செய்பவரே ஹோல்டையும் விடுவித்தால், ஆடிட்டில் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

நாள் ஓடிக்கொண்டே இருக்கும்

சாஃப்ட்வேரில் ஹோல்டு போட்டால் பணம் நிற்கும். சட்டம் விதித்த கெடு நிற்காது. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும், பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் போயாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். பொருள் வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த அன்றே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். திரையில் ஹோல்டு போட்டுவிட்டு சப்ளையரிடம் சொல்லாமல் இருப்பது ஆட்சேபம் ஆகாது. கெடு தாண்டினால், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டுவட்டி.

2023-24 நிதியாண்டு முதல், வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என வந்த விதியும் சேர்ந்துகொண்டது: கெடு தாண்டிய பில்லை, பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். ஜிஎஸ்டியிலும் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

எம்எஸ்எம்இ கெடு எல்லாருக்கும் ஒன்றுபோல் இல்லை. உத்யம் பதிவுள்ள ஹாலோ பிளாக் தயாரிப்பாளருக்குப் பொருந்துவது, வாங்கி விற்கும் ஹார்டுவேர் கடைக்குப் பொருந்தாது. வொர்க்ஸ் கான்ட்ராக்டுக்குப் பொருந்துமா என்பதில் நீதிமன்றங்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஆடிட்டரைக் கேளுங்கள்.

வாரம் ஒரு தாள்

எக்செல்லில் எட்டு பத்திகள் போதும்: சப்ளையர், உத்யம் பதிவு உண்டா, பில் எண், பில் தேதி, பொருள் வந்த தேதி, தொகை, ஹோல்டு காரணம், விடுவிக்க வேண்டியவர். நாள் அதிகமானவை மேலே வரட்டும். அளவு ஹோல்டுகளை ஸ்டோர்ஸுக்கும், விலை ஹோல்டுகளைப் பர்ச்சேஸுக்கும், எம் புக் பாக்கியை சைட் இன்ஜினீயருக்கும் திங்கள் காலையிலேயே அனுப்பிவிடுங்கள். புதிதாக ஹோல்டு விழுந்த ஒவ்வொரு சப்ளையருக்கும் காரணத்தையும், தர வேண்டிய ஆவணத்தையும் சொல்லி அன்றே ஒரு மெயில் போகட்டும். 20 மூட்டை குறைந்தது என்றால், அந்த 20 மூட்டைக்குக் கிரெடிட் நோட் கேளுங்கள். மிச்சப் பணத்தை விடுவிக்க அது ஒரு வழி.

அடுத்த இன்டர்வியூவில் “எஸ்ஏபி தெரியும்” என்று சொல்லி நிறுத்தாதீர்கள். ஹோல்டு பட்டியலை எப்படி எடுத்தீர்கள், யாரிடம் பேசி எதை விடுவித்தீர்கள் என்று சொல்லுங்கள்.