டி.பி.: நோயாளி தலையில் விழும் பழிகள்

“டி.பி.யா? அதெல்லாம் தாத்தா காலத்து வியாதி ஆச்சே!” நன்றாகப் படித்தவர்களே இன்னும் இப்படிக் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் மட்டும் 1 கோடியே 8 லட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய் வந்தது. 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் அதில் இறந்தார்கள். ஒரே கிருமியால் வரும் நோய்களில் அதிக உயிர்களைக் கொண்டுபோவது என்ற இடத்தைக் கொரோனாவிடமிருந்து காசநோய் மறுபடி பிடித்துக்கொண்டது. புதிய நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இத்தனைக்கும் ராபர்ட் காக் இந்தக் கிருமியை 1882-லேயே அடையாளம் காட்டிவிட்டார். குணப்படுத்தும் மருந்துகள் வந்தும் எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

மருந்து இருந்தும் ஏன் இத்தனை சாவு? நம் பத்திரிகைச் செய்திகளிலும் விழிப்புணர்வுப் பேரணிகளிலும் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் நோயாளியையே குற்றவாளி ஆக்குகின்றன. அவருக்குச் சுத்தம் தெரியாது, அவர் குடிப்பார், மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார் என்கிறார்கள். ஆதாரங்கள் வேறு பக்கம் கைகாட்டுகின்றன. அவற்றில் முக்கியமான பல, நம் ஊரிலேயே கண்டறியப்பட்டவை.

“டி.பி. வந்தவரைத் தனியாக வைக்கணும், தட்டு, டம்ளர்கூடத் தனி”

காசநோய் தட்டிலும் டம்ளரிலும் பரவாது. தொட்டாலும் ஒட்டாது. நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் காற்றில் கலக்கும் நுண்துளிகளால்தான் பரவுகிறது. பொருத்தமான மருந்தைத் தொடங்கியதும் பரப்பும் தன்மை வேகமாகக் குறைந்துவிடும்.

இது ஊகம் அல்ல. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்த முயற்சி அது. அன்று உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை, சானடோரியத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு இருந்தால்தான் பிழைக்கலாம் என்பது. ஆனால் இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ சொற்பம். ஆகவே வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினர் சானடோரியம் போனார்கள். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே, பற்றாக்குறைச் சாப்பாட்டோடு, அன்றாட வேலைகளையும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மாத்திரை, ஓராண்டுக்கு.

முடிவுகள் 1959-இல் வெளிவந்தன. குணமானவர்களின் விகிதம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதைவிட முக்கியமான சேதி ஒன்று உண்டு. நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்ட குடும்பங்களில், சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட அதிகம் பேருக்கு நோய் வரவில்லை. கூட இருந்தவர்களுக்குத் தொற்றியிருந்தால், அது பெரும்பாலும் நோய் என்னவென்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களிலேயே நடந்து முடிந்திருந்தது. உலகின் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம். தாம்பரத்தில் அந்தப் பெயர் இன்று ரயில் நிலையப் பலகையில் நிற்கிறது.

ஆனால் வீட்டுக்குள் அந்த ஆய்வு இன்னும் வந்து சேரவில்லை. கல்யாணமான பெண்ணுக்கு டி.பி. என்று தெரிந்ததும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் இப்போதும் இருக்கிறது. அதற்குப் பயந்தே பலர் இருமலை மறைக்கிறார்கள். சோதனை தள்ளிப்போகிறது, கிருமி பரவுவது அந்த நாட்களில்தான். ஒதுக்கிவைப்பதால் குடும்பத்துக்குப் பாதுகாப்பு கிடைப்பதில்லை, ஆபத்துதான் கூடுகிறது.

“மாத்திரை கொடுத்தாச்சு, சாப்பாடு அவங்கவங்க பாடு”

சேத்துப்பட்டு ஆய்விலிருந்து ஒரு தப்பான பாடமும் படிக்கப்பட்டது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். குறைந்த சாப்பாட்டிலும் நோயாளிகள் குணமானதைப் பார்த்து, உணவு முக்கியமில்லை, மருந்து மட்டும் போதும் என்ற முடிவுக்குக் கொள்கை வகுத்தவர்கள் வந்தார்கள். பல பத்தாண்டுகள் அந்த நினைப்பே கோலோச்சியது. கிருமி உடம்புக்குள் இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை; வாழ்நாளில் நூற்றில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் வருகிறது. அந்தப் பத்துப் பேர் யார் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி. பசி அதைத் தின்றுவிடுகிறது.

ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு இதற்கு அசைக்க முடியாத சான்றைத் தந்தது. மங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரின் முன்முயற்சி அது. சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கெடுத்தது. சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவம்தான் அந்த நிறுவனம். நோயாளிகள் எல்லோருக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர் கொடுத்தார்கள். குடும்பத்தாருக்கும் உணவுப்பொருள் கொடுத்த வீடுகளை, கொடுக்காத வீடுகளோடு ஒப்பிட்டார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்ப உறுப்பினர்களைத் தொடர்ந்து கவனித்ததில், உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய வகை கிட்டத்தட்ட பாதியானது. 2023-இல் இது வெளியானபோது பல பத்திரிகைகள் உள்பக்கத்தில் ஒரு பத்தியோடு முடித்துக்கொண்டன. புதிய தடுப்பூசி ஒன்று இதே பலனைக் காட்டியிருந்தால் அது முதல் பக்கச் செய்தி ஆகியிருக்கும்.

மத்திய அரசின் நிக்‌ஷய் போஷண் திட்டத்தில் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் தரப்பட்டுவந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். வரவேற்க வேண்டிய உயர்வுதான். ஆனால் அது எந்த மாதம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது என்பதே நோயாளிக்கு முக்கியம்.

தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதே உண்மையின் மறுபக்கம். சாவுகளில் பெரும்பாலானவை சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் நடக்கின்றன. ஆகவே நோய் உறுதியான உடனேயே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் சுகாதாரப் பணியாளரே பார்த்துவிடுகிறார். ரத்தப் பரிசோதனை தேவையில்லை. நிலை மோசமாக உள்ளவர் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். ஒதுக்கிவைக்க அல்ல, பிழைக்கவைக்க.

“பிறந்ததுமே பி.சி.ஜி. போட்டாச்சே”

குழந்தைகளை மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வகைகளிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது, கட்டாயம் போட வேண்டும். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்குமா என்று 1968-இல் செங்கல்பட்டு வட்டாரத்தில் உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. பரிசோதனை தொடங்கியது. பதினைந்து ஆண்டு கண்காணிப்புக்குப் பிறகும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு எதுவும் தென்படவில்லை. கையில் தழும்பு இருக்கிறது என்று இரண்டு வார இருமலைச் சும்மா விடக் கூடாது.

“புது மருந்து விலை அப்படித்தான் இருக்கும், ஆராய்ச்சிக்கு அவ்வளவு செலவு”

மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த புதுவகை மருந்து பெடாகுவிலின். 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தின் தயாரிப்பு என்றாலும், அதை வளர்த்தெடுத்ததில் பொதுப்பணத்தின் பங்கு பெரிது.

அசல் காப்புரிமை 2023 ஜூலையில் முடியவிருந்தது. மருந்தின் உப்பு வடிவத்துக்கென்று இன்னொரு காப்புரிமை கேட்டு, ஏகபோகத்தை மேலும் நீட்டிக்க நிறுவனம் விண்ணப்பித்தது. 2019-இல் அதை எதிர்த்து மனு கொடுத்தவர்கள் இரண்டு பெண்கள்: மும்பைப் பத்திரிகையாளர் நந்திதா வெங்கடேசன், தென் ஆப்பிரிக்காவின் புமேசா டிசிலே. காசநோயிலிருந்து மீண்ட இருவரும் பழைய ஊசி மருந்துகளின் பக்கவிளைவால் கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. சில மாதங்களிலேயே, உலகளாவிய மருந்துக் கொள்முதல் அமைப்புக்கு அந்த நிறுவனமே கொடுத்த விலை ஆறு மாதச் சிகிச்சைக்கு 130 டாலராக, முந்தையதில் பாதிக்கும் கீழே, இறங்கியது. போட்டிக்கு இந்திய நிறுவனத் தயாரிப்பும் வந்தது. மூலக்கூறு மாறவில்லை, ஆராய்ச்சிச் செலவும் மாறவில்லை. போட்டிதான் புதிது.

“பாதியில் மருந்தை நிறுத்துகிறார்கள், அதனால்தான் ஒழியவில்லை”

பாதியில் நிறுத்துவது ஆபத்துதான். கிருமி மருந்துக்குப் பழகிவிடும். ஆனால் பழகிவிட்ட கிருமியே காற்றுவழி நேராகத் தொற்றியும் வருகிறது; அப்படி வந்தவர் ஒரு மாத்திரையைக்கூடத் தவறவிட்டிருக்க மாட்டார். தவறவிட்டவர்களிலும் எல்லோரும் தாமாக விட்டவர்கள் இல்லை. 2024 மார்ச்சில் நாட்டின் பல பகுதிகளில் அடிப்படைக் காசநோய் மருந்துகளுக்கே தட்டுப்பாடு. உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளும்படி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. மாத்திரை வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பியவரை எந்தக் கணக்கில் எழுதுவது?

2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்ற இந்தியாவின் இலக்கு, 2015-ஐ ஒப்பிட்டுப் புதிய நோயாளிகளின் விகிதத்தை 80 சதவீதம் குறைப்பது. லட்சம் பேருக்கு 237 என்றிருந்த விகிதம் 2024-இல் 187 ஆனது: 21 சதவீதக் குறைவு. உலகச் சராசரியைவிட நல்ல வேகம், இலக்கிலிருந்து வெகுதூரம். இரண்டையும் ஒரே செய்தியில் எழுத வேண்டும்.

மார்ச் 24, உலகக் காசநோய் நாள். அன்று ஆட்சியர் கொடியசைக்கும் படத்தோடு நிருபர்கள் மாவட்டக் காசநோய் அலுவலரிடம் சில எண்களையும் கேட்டு வாங்கி வரலாம். போன ஆண்டு எத்தனை நாள் மருந்து இருப்பு இல்லாமல் போனது? உதவித்தொகை முதல் மாதத்திலேயே எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது? மருந்து தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் எத்தனை பேர் இறந்தார்கள், அவர்களின் எடை என்ன?