கொடித்தோடை துவண்டால் வாளியைக் கீழே வையுங்கள்

கொட்டகலையில் மே கடைசியில் பிடிக்கிற தென்மேல் பருவமழை செப்டெம்பர் வரை லேசில் விடாது. இடையில் இரண்டு நாள் வெயிலடிக்கும். லயத்து வாசலில், தகரக் கூரைத் தண்ணீர் கொட்டுகிற மூலையில் நட்ட கொடித்தோடை சரியாக அப்போதுதான் துவளும். பந்தல் நிறையக் காய், இலையெல்லாம் தொங்கல். பாவம் தாகமாக்கும் என்று வீட்டில் யாராவது ஒரு வாளி ஊற்றுவார்கள். அடித்தண்டு அழுகிய கொடியை முடித்துவைப்பது அந்த வாளிதான்.

செய்ய வேண்டியவை

• மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மத்தியானம் வாடி, பொழுது சாய நிமிர்ந்தால் அது வெறும் தாகம். மண் ஈரமாக இருந்தும் விடியற்காலையிலேயே இலை தொங்கினால் கோளாறு அடியில்.

• தண்டைச் சுற்றிய மண்ணைக் கையால் விலக்கி, நிலமட்டத்தில் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் நல்லது. கபில நிறத்தில் ஊறிப்போயிருந்தால் அழுகல்.

• ஒரு சிறு கிளையையும் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்நரம்பு கபிலக் கோடாக மேலே ஓடியிருந்தால் பெரும்பாலும் பியூசேரியம் வாடல். அதற்கு மருந்தில்லை. வேரோடு பிடுங்கி எரிப்பதுதான் வழி. மனசு கேட்காது, ஆனாலும் எரியுங்கள்.

• நரம்பு சுத்தமாக இருந்து, அழுகல் தண்டை அரைவட்டத்துக்கும் குறைவாகவே சுற்றியிருந்தால் முயன்று பார்க்கலாம். கவ்வாத்துக் கத்தியைத் தீயில் காட்டி, நல்ல பட்டை தெரியும் வரை செதுக்குங்கள். ஒரு நாள் காயவிட்டு போர்டோப் பசை பூசுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லீட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னோர் அரை லீட்டரிலும் தனித்தனியே கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்க வேண்டும். தகர வாளி ஆகாது. இரும்பு ஆணியைத் தோய்த்து எடுங்கள்; செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. பூசிய கையோடு மேல்கொடியில் மூன்றிலொரு பங்கை வெட்டிவிடுங்கள். நோய்பட்ட தண்டு அத்தனை இலைக்கும் தண்ணீர் ஏற்றாது.

• கான் வெட்டுங்கள். பசையை விட இதுதான் வைத்தியம். அழுகலுக்குப் பெரிய காரணமான பைட்டோப்தோராவின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகிறவை. நீர் தேங்காத இடத்தில் அவற்றால் அதிக தூரம் போக முடியாது. துரையின் தேயிலைக்குத் தலைமுறை தலைமுறையாகக் கான் வெட்டிய கைகள் நம்முடையவை. சொந்த வாசலில் ஒரு முழக் கான் வெட்ட மட்டும் ஏனோ நேரம் கிடைப்பதில்லை.

• மறுபடி நடுவதானால் வேறு இடத்தில், மேடாக்கி நடுங்கள். நம் குளிருக்கு ஊதாப் பழம்தான் தோது, ஆனால் பியூசேரியத்தைத் தாங்குவது மஞ்சள் இனம். அதனால்தான் அவுஸ்திரேலியாவில் மஞ்சளின் வேரில் ஊதாவை ஒட்டுகிறார்கள். ஒட்டுக்கன்று கிடைத்தால் ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

• மாட்டெருவைத் தண்டோடு அணைத்துக் குவிக்காதீர்கள். ஒரு முழம் தள்ளிப் போடுங்கள்.

• அடியில் மம்பட்டி, முள்ளு வேண்டாம். புல்லைக் கையால் பிடுங்குங்கள். காயம்பட்ட பட்டை நோய்க்குத் திறந்த கதவு. கம்பியால் கட்டுவதும் அப்படித்தான். பழைய சேலைக் கிழிசல் போதும்.

• 1946இல் தேயிலையில் கொப்புள நோய் தலைகாட்டிய பிறகு செம்பு மருந்து தோட்டங்களுக்குப் பழகிப்போனது. அதற்காக, மலையில் அடித்த மிச்சத்தைப் போத்தலில் கொண்டுவந்து குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள்.

• கடைக்காரர் தருவதையெல்லாம் வாங்காதீர்கள். மெட்டலக்சில் பைட்டோப்தோராவைத்தான் பிடிக்கும், பியூசேரியத்தைத் தொடாது. சந்தேகமானால் தண்டுத் துண்டோடு விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழையுங்கள்.

• பிடுங்கிய கொடியை ஓடையில் வீசாதீர்கள். கீழ் லயத்திலும் பந்தல் இருக்கிறது.

• செத்த கொடியின் பச்சைக் காயைப் பறித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். முற்றாத காயில் சயனைட்டு தரும் பொருள் உண்டு. ஊதாவாகித் தானாக விழுந்த பழம் கெடாமலிருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.