இழுவை வீடு: முன்பாரமா, பின்பாரமா?

மாணவர்களே, விடுமுறை நாளில் காஜாங்கிலிருந்து செமினி வழியாகச் சுங்கை தெக்காலாவுக்குக் குளிக்கப் போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அணைக்கட்டைத் தாண்டியதும் சாலை வளையும், ஏறும், இறங்கும். அந்தச் சாலையில் ஒரு கார் தன் பின்னால் சக்கரம் வைத்த சிறு வீட்டை இழுத்துக்கொண்டு போவதாக எண்ணிப் பாருங்கள். உள்ளே படுக்கை, அடுப்பு, மின்விளக்கு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. கேரவன் என்று நாம் அழைக்கும் இழுவை வீடு இதுதான்.

அதைப் பார்த்தால் நமக்கும் ஒன்று வேண்டும் என்ற ஆசை வரும். ஆனால் அந்த வீட்டை எப்படி ஏற்றுகிறோம், எப்படி இழுக்கிறோம், இரவில் எங்கே நிறுத்துகிறோம் என்பதில் உயிர் அடங்கியிருக்கிறது. அதற்குத் தேவையான அறிவியலின் பெரும்பகுதி உங்கள் பள்ளிப் பாடத்திலேயே உள்ளது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குதிரை இழுத்த வீடு முதல் நிலவு வீரர்கள் வரை

பிழைப்புக்காக வண்டியிலேயே வாழ்ந்தவர்கள் பழங்காலத்திலிருந்தே உண்டு. பொழுதுபோக்குக்காக அப்படிப் பயணம் செய்த முன்னோடிகளில் ஒருவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். 1885ஆம் ஆண்டில் இரண்டு குதிரைகள் இழுத்த மர வீட்டில் அவர் பிரிட்டனைச் சுற்றி வந்தார். பின்னர் கார் வந்தது, குதிரை போனது. 1930களில் அமெரிக்காவில் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் அலுமினியத்தால் இலேசான, வளைந்த உடல் கொண்ட இழுவை வீடுகளைச் செய்யத் தொடங்கியது. இலேசான உடலை இழுக்க விசை குறைவாகப் போதும். வளைந்த உடலுக்குக் காற்றின் தடையும் குறைவு.

1969இல் நிலவிலிருந்து திரும்பிய அப்போலோ 11 விண்வெளி வீரர்கள் மூவரும் முதலில் தங்கவைக்கப்பட்டது எங்கே தெரியுமா? சக்கரம் இல்லாமல் மாற்றியமைக்கப்பட்ட ஓர் ஏர்ஸ்ட்ரீம் வீட்டுக்குள்தான். நிலவிலிருந்து கிருமி ஏதும் வந்திருந்தால் அது வெளியே பரவக்கூடாது என்பதற்காக, உள்ளே காற்றழுத்தத்தை வெளியைவிடக் குறைவாக வைத்தார்கள். அதனால் சிறு இடைவெளி இருந்தாலும் காற்று உள்ளே வருமே தவிர, வெளியே போகாது.

மாட்டு வண்டிக்காரர் அறிந்த பாடம்

உங்கள் தாத்தா பாட்டியிடம் மாட்டு வண்டியைப் பற்றிக் கேளுங்கள். முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்களை அவர்கள் சொல்லக்கூடும். மூட்டைகளை வண்டியின் முன்பக்கம் அதிகம் ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். அது முன்பாரம். பின்பக்கம் அதிகம் ஏற்றினால் நுகத்தடி மேலே தூக்கும்; கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். அது பின்பாரம். இரண்டும் கெடுதல்தான். அளவான முன்பாரம் இருந்தால் மாடு நிதானமாக இழுக்கும்.

இழுவை வீட்டில் மாட்டின் இடத்தில் கார் நிற்கிறது. நுகத்தடியின் இடத்தில் காரின் பின்னால் உள்ள இணைப்புக் குண்டு இருக்கிறது. அந்தக் குண்டின் மீது இழுவை வீடு கீழ்நோக்கி அழுத்தும் பாரமே நம் முன்பாரம். ஒற்றை அச்சு கொண்ட இழுவை வீடுகளுக்கு, மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்பாரம் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. தயாரிப்பாளர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். உங்கள் மாமா 800 கிலோகிராம் எடையுள்ள ஓர் இழுவை வீடு வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சக்கர அச்சிலிருந்து இணைப்புக் குண்டு 3 மீட்டர் முன்னால் உள்ளது. வீட்டின் எடைமையம் அச்சுக்கு 0.3 மீட்டர் முன்னால் உள்ளது. அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு திருப்புத்திறனைச் சமன் செய்தால்:

முன்பாரம் × 3 = 800 × 0.3
முன்பாரம் = 80 கிலோகிராம்

இது மொத்த எடையில் 10 விழுக்காடு. சரியான அளவுதான்.

இப்போது மாமா, உள்ளே நடமாட இடம் வேண்டும் என்று, அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் தூக்கி, அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் வைக்கிறார். இரண்டும் சேர்ந்து 60 கிலோகிராம். அவை 2.5 மீட்டர் நகர்ந்தன. எனவே முழு வீட்டின் எடைமையம் 60 × 2.5 ÷ 800 = 0.1875 மீட்டர் பின்னால் போகிறது. மீதமிருப்பது 0.1125 மீட்டர். புதிய முன்பாரம் 800 × 0.1125 ÷ 3 = 30 கிலோகிராம் மட்டுமே. அதாவது நாலு விழுக்காட்டுக்கும் குறைவு.

மொத்த எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. சாமான் இடம் மாறியது, அவ்வளவுதான். ஆனால் அந்த வண்டி இப்போது ஆபத்தானது.

வால் ஆடுவது ஏன்?

இழுவை வீடு இணைப்புக் குண்டைச் சுற்றி இடமும் வலமும் திரும்பக்கூடியது. பக்கவாட்டுக் காற்று அடித்தாலோ, பெரிய லோரி முந்திச் சென்றாலோ அதன் வால் சற்றே விலகும். உடனே டயருக்கும் சாலைக்கும் இடையே எழும் பக்கவாட்டு விசை அதை நேராக்க முயலும். ஆனால் நேரான நிலைக்கு வந்ததும் வீடு அங்கேயே நின்றுவிடாது. பள்ளியில் இனெர்சியா என்று படிக்கிறீர்களே, அந்த நிலைமம் அதை மறுபக்கத்துக்குக் கொண்டுபோகும். ஊஞ்சல் போல ஆட்டம் தொடங்கிவிடும்.

வேகம் குறைவாக இருந்தால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடச் சிறிதாகி அடங்கிவிடும். வேகம் கூடக் கூட, அடங்கும் தன்மை குறைகிறது. ஓர் எல்லையைத் தாண்டினால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். கடைசியில் வால் நாயை ஆட்டுவது போல, வீடு காரை ஆட்டும். எடைமையம் பின்னால் போகப் போக, அந்த எல்லை வேகம் குறைந்துகொண்டே வரும். மாமாவின் வண்டி முன்பு தாங்கிய வேகத்தை இப்போது தாங்காமல் போவது இதனால்தான்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் ஓட்டுநர் செய்ய வேண்டியது: ஸ்டியரிங்கை நேராக, உறுதியாகப் பிடிக்க வேண்டும், எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வெட்டித் திருப்பக் கூடாது. காரின் பிரேக்கைத் திடீரென்று அழுத்தவும் கூடாது. கார் மட்டும் வேகம் குறைந்தால், பின்னால் கோணலாக வரும் 800 கிலோகிராம் காரின் பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

செய்து பாருங்கள்

30 சென்டிமீட்டர் அடிக்கோல், பென்சில், சமையலறைத் தராசு, 60 கிராம் களிமண் உருண்டை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தராசின் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேல் பென்சிலை வையுங்கள். அடிக்கோலின் 20 சென்டிமீட்டர் குறி பென்சிலின் மேலும், 0 முனை தராசின் மேலும் இருக்கட்டும். பென்சில்தான் அச்சு, தராசுதான் கார். தராசைப் பூஜ்யமாக்குங்கள்.

களிமண்ணை 10 சென்டிமீட்டர் குறியில் வைத்தால் தராசு ஏறக்குறைய 30 கிராம் காட்டும். 18இல் வைத்தால் 6 கிராம்தான் காட்டும். 25க்கு நகர்த்திப் பாருங்கள். அடிக்கோலின் முனை தராசை விட்டு மேலே எழும்பிவிடும். நீங்கள் பார்ப்பது பின்பாரம்.

இறக்கத்தில் சூடேறும் பிரேக்

1,500 கிலோகிராம் காரும் 800 கிலோகிராம் வீடும் சேர்ந்து 2,300 கிலோகிராம். இவை 200 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குகின்றன என்று கொள்வோம். இழக்கும் நிலையாற்றல் 2,300 × 10 × 200 = 46 இலட்சம் ஜூல். இந்த ஆற்றல் 30 பாகை செல்சியஸில் உள்ள சுமார் 15 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும்!

வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் இதில் பெரும்பகுதியை எங்காவது வெப்பமாக்க வேண்டும். பிரேக்கை மட்டுமே நம்பினால் அது அளவுமீறிச் சூடாகிப் பிடிமானத்தை இழக்கும். அதனால்தான் நீண்ட இறக்கத்தில் குறைந்த கியரில் இறங்கச் சொல்கிறார்கள். அப்போது இயந்திரமே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

பேட்டரிக்கும் வரவு செலவு உண்டு

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 12 × 100 = 1,200 வாட்-மணி ஆற்றல் உள்ளது. ஈய-அமில வகையானால் பாதிக்குமேல் செலவழித்தால் அதன் ஆயுள் குறையும். எனவே கையிருப்பு 600 வாட்-மணி.

ஒரு நாள் செலவு இது: 25 வாட் விசிறி 8 மணி நேரம் ஓடினால் 200. இரண்டு 5 வாட் விளக்குகள் 5 மணி நேரம் எரிந்தால் 50. நான்கு கைப்பேசிகளுக்கு 60. மொத்தம் 310 வாட்-மணி. தாராளமாகப் போதும். சராசரி 20 வாட் இழுக்கும் சிறு குளிர்ப்பெட்டியை நாள் முழுக்க ஓடவிட்டால் 480 கூடும், மொத்தம் 790. இப்போது பற்றாக்குறை. 1,000 வாட் குளிர்சாதனத்தைப் போட்டால் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது.

100 வாட் சூரியப் பலகை, நம் நாட்டில் நல்ல வெயில் நாளில் நான்கு மணி நேர முழு வெயிலுக்குச் சமமாக உழைத்தால் 400 வாட்-மணி தரும். மழை நாளில் அதை நம்பக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

சமையல் வாயுவில் உள்ள புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை. தோம்பில் கசிவு ஏற்பட்டால் வாயு தரைமட்டத்தில் தேங்கும். அதனால் இழுவை வீட்டின் தரையருகே காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். மூட்டை முடிச்சுகளால் அவற்றை அடைத்துவிடாதீர்கள். இந்த வாயுவுக்கு இயற்கையில் மணம் இல்லை. கசிவை நாம் உணர வேண்டும் என்பதற்காகவே நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள்.

கார்பன் மோனோக்சைடு இதைவிடக் கொடியது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எரிபொருள் போதிய காற்றின்றி எரியும்போது அது உருவாகும். நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். தூங்குபவர் விழிக்காமலே போகக்கூடும். மழை வந்துவிட்டது என்று கரி அடுப்பை வீட்டுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுவரவே கூடாது. தணல் அணைந்ததுபோல் தோன்றினாலும் வாயு வெளிவரும். கார்பன் மோனோக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கிப் பொருத்துவது, அழகான திரைச்சீலை வாங்குவதைவிட முக்கியம்.

எங்கே நிறுத்துவது?

2022 டிசம்பர் 16 அதிகாலையில் நம் சிலாங்கூரில், பத்தாங் காலி அருகே ஒரு முகாம் தளத்தின் மீது மண்சரிவு விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் உயிரிழந்தார்கள். குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது மண்ணின் எடை கூடுகிறது. மண்துகள்களுக்கிடையே நீரின் அழுத்தம் ஏறி, அவற்றின் பிடிப்பு தளர்கிறது. மழை நின்ற பிறகும் சரிவு நிகழக்கூடும். எனவே செங்குத்தான சரிவின் அடியில், இடம் எவ்வளவு குளுமையாக இருந்தாலும், இரவைக் கழிக்காதீர்கள்.

ஆற்றங்கரைக்கும் இதே எச்சரிக்கைதான். மலையில் பெய்யும் மழை, நீங்கள் இருக்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே, திடீர் வெள்ளமாக இறங்கி வரும். கெப்பாலா ஆயேர் என்று நாட்டில் எல்லாரும் சொல்வது இதைத்தான். தெளிந்த நீர் கலங்குவது, இலைகளும் குச்சிகளும் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகியவை அடையாளங்கள். கண்டவுடன் சாமான்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

"நாங்கள்தான் வீட்டுக்குள் இருக்கிறோமே" என்று யாராவது சொன்னால், ஆர்க்கிமிடிஸ் கோட்பாட்டைக் கொண்டு பதில் சொல்லுங்கள். மாமாவின் வீட்டுத் தரை 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். பரப்பு 8 சதுர மீட்டர். தரைக்கு மேல் 10 சென்டிமீட்டர் நீர் ஏறினால், நீர் உள்ளே புகுவதற்கு முன் வீடு இடம்பெயர்க்கும் நீர் 8 × 0.1 = 0.8 கன மீட்டர். அதன் எடை 800 கிலோகிராம். வீட்டின் எடையும் அதுவே. அதாவது சாணளவு நீர்கூட வேண்டாம், வீடு படகாகிவிடும். ஓட்டுவதற்குத் துடுப்பு இல்லாத படகு.

நீங்களே கணக்கிடுங்கள்

1. 1,000 கிலோகிராம் இழுவை வீட்டின் எடைமையம் அச்சுக்கு 0.5 மீட்டர் முன்னால் உள்ளது. இணைப்புக் குண்டு 4 மீட்டர் முன்னால் உள்ளது. முன்பாரம் எவ்வளவு?
2. அதே வீட்டில் 50 கிலோகிராம் சாமானை அச்சுக்கு 1 மீட்டர் முன்னாலிருந்து 1 மீட்டர் பின்னால் மாற்றினால் முன்பாரம் என்னவாகும்?

விடை: 1. 125 கிலோகிராம், அதாவது 12.5 விழுக்காடு. 2. 100 கிலோகிராம், அதாவது 10 விழுக்காடு. விதியின் கீழ் எல்லையைத் தொட்டுவிட்டது. இனி ஒரு பையைக்கூடப் பின்னால் நகர்த்த வேண்டாம்.

அடுத்த முறை குடும்பத்தோடு முகாமுக்குப் புறப்படும்போது, கேரவனானாலும் சரி, சாதாரணக் கூடாரமானாலும் சரி, சாமான் ஏற்றும் வேலையையும் இடம் பார்க்கும் வேலையையும் நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படித்த பாடத்துக்கு அங்கே வேலை இருக்கிறது.