தலையிடிக்குப் பனடோல் மட்டும் போதுமா?

பல வருடங்களுக்குப் பின்னர் சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். பற்றைகளை வெட்ட வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், வீட்டுத்திட்டப் படிவம் நிரப்ப வேண்டும், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும். இத்தனை வேலைக்கும் நடுவில் உடம்பைப் பற்றி யோசிக்க நேரம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இந்த வேலைகளையெல்லாம் செய்யப்போவது அந்த உடம்புதான். வீடு எழும்பும் நாளில் அதைக் கட்டியவர் படுக்கையில் கிடக்கக் கூடாது.

சுகம் என்பது நோய் இல்லாமல் இருப்பது மட்டுமல்ல. உடம்பு, மனம், குடும்பம், அயல் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னியவை. ஒன்றில் குறை வந்தால் அது இன்னொன்றில் நோவாகத் தெரியும். இதை விளங்கிக்கொள்ள, நாம் எல்லோரும் அறிந்த ஒரு நோவை எடுத்துப் பார்ப்போம்.

ஓர் உதாரணம்

45 வயதுள்ள ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். தறப்பாள் கொட்டிலில் இரண்டு பிள்ளைகளுடனும் வயது போன தாயுடனும் இருக்கிறார். தினமும் பின்னேரமானால் தலையிடி. கடையில் இரண்டு பனடோல் வாங்கிப் போடுகிறார். கொஞ்சம் குறைகிறது. அடுத்த நாள் திரும்பவும் வருகிறது. இப்படியே இரண்டு மாதம். "வெயில்தான்" என்று அவர் சொல்கிறார். வெயிலும் ஒரு காரணம்தான். ஆனால் அவரோடு சற்று நேரம் இருந்து கதைத்தால் வேறு பல காரணங்களும் வெளிவரும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உங்களையும் இதே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. போதிய தண்ணீர் குடிக்கிறீர்களா?

இந்தத் தாய் காலையிலிருந்து ஒரு தேத்தண்ணீரோடு இருக்கிறார். தாகம் இல்லாமல் அல்ல. மலசலகூடம் இன்னும் கட்டி முடியவில்லை. பகலில் பற்றைக்குள் போக வெட்கம், இரவில் போகப் பயம். ஆகவே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார். பெண்கள் பலர் இதை வெளியில் சொல்வதில்லை. வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடிக்காவிட்டால் தலையிடி வரும், சலக்கடுப்பும் வரும். சலம் கடும் மஞ்சளாகப் போனால் நீங்கள் குடிக்கும் தண்ணீர் போதாது. (தண்ணீரைக் குறைக்கும்படி வைத்தியர் சொன்ன சிறுநீரக, இருதய நோயாளர்கள் அவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.)

ஆகவே வீட்டுக்குச் சுவர் வைக்கும் முன்னர் மலசலகூடத்துக்குக் கதவு வையுங்கள். அதுவரை நான்கு தடியும் ஒரு தறப்பாளும் கொண்டு தற்காலிக மறைப்பு ஒன்றைப் போடுங்கள். இது தலையிடிக்கும் மருந்து. குழி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்துக்கு அடியில் சுண்ணக்கற் பாறை இருப்பதால் அழுக்கு நீர் வெடிப்புகளினூடாக வேகமாகக் கிணற்றைச் சென்றடையும். அங்கே இன்னும் கூடிய தூரம் தேவை. குழி வெட்ட முன்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து இடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

நீண்ட காலம் பாவிக்காத கிணற்றில் உடனே இறங்க வேண்டாம். வெடிபொருட்கள் உள்ளே கிடக்கலாம், காற்றும் நஞ்சாகியிருக்கலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், அசைக்காமல், வந்த வழியே திரும்பிக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். அதன் புகை உள்ளே நிற்பவரைக் கொல்லும். இறைத்துத் துப்புரவாக்கிய பின்னர் குளோரின் இட வேண்டும். கிணற்றின் அகலத்தையும் நீரின் ஆழத்தையும் அளந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் எவ்வளவு இட வேண்டும் என்று அவர் கணக்கிட்டுச் சொல்வார். அதற்குப் பின்னரும் குடிநீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடிப்பதே நல்லது. கொப்பளித்துக் கொதிக்கத் தொடங்கி ஒரு நிமிடம் விட்டால் போதும்.

2. யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்?

அந்தத் தாய் முதலில் பிள்ளைகளுக்கும் பிறகு தன் தாய்க்கும் கொடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதைச் சாப்பிடுகிறார். பல நாட்களில் சோறும் சொதியும்தான் மிச்சம். காலையில் ஒன்றுமில்லை. பசியும் தலையிடி தரும். இரும்புச்சத்துக் குறைந்தால் களைப்பு, தலைச்சுற்று, மூச்சு வாங்குதல் எல்லாம் வரும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை உண்டு. ஒரு முருங்கைத் தடியை இப்போதே வேலியோரம் நடுங்கள். பாத்திரம் கழுவும் நீர் போகும் இடத்தில் பசளி, வல்லாரை, பொன்னாங்காணி போடுங்கள். காலையில் இலைக்கஞ்சி, பயறு, கௌபி, குரக்கன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்கட்டும். நெத்தலியும் முட்டையும் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, தாய்க்கும் வேண்டும். கீரையோடு கொஞ்சம் தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தால் அது குறையும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வந்தவுடன் அந்தப் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும். திரிபோஷா, சத்துக் குளிசைகள், பிள்ளைகளின் தடுப்பூசி எல்லாம் அவர் ஊடாகவே வரும்.

3. கிளினிக் விட்டுப்போனதா?

முன்பு இருந்த இடத்தில் அவருக்குப் பிறசர் என்று சொல்லி, மாதாமாதம் குளிசை கொடுத்தார்கள். இங்கே வந்த பின்னர் கிளினிக் எங்கே என்று தெரியவில்லை. குளிசை முடிந்து பல கிழமை. "ஒன்றும் செய்யவில்லைதானே" என்று விட்டுவிட்டார். உயர் குருதி அமுக்கம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. நோகாதபடியால் சுகமாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. கவனிக்காமல் விட்டால் பாரிசவாதமோ இருதய நோயோ சிறுநீரகப் பாதிப்போ வரலாம். சலரோகம், வலிப்பு, ஆஸ்துமா, உளநலத்துக்கான குளிசைகளும் அப்படியே; இடம் மாறியதற்காக அவற்றை நிறுத்தக் கூடாது.

கிளினிக் கொப்பி தொலைந்திருந்தாலும் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள். குளிசை வந்த வெற்று மட்டையைக் கொண்டு போனால் வைத்தியருக்கு உதவும். சிகிச்சை இலவசம். 35 வயதைத் தாண்டியவர்கள் நோய் ஒன்றும் இல்லையென்றாலும் பிறசரையும் சீனியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கருவாடு, ஊறுகாய் போன்ற உப்புக் கூடியவற்றைக் குறையுங்கள். தூரப்பார்வை, கிட்டப்பார்வை குறைந்தாலும் தலை இடிக்கும், கண்ணையும் காட்டுங்கள்.

பனடோல் பற்றியும் ஒரு வார்த்தை. வளர்ந்தவர் ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒரு நாளுக்கு எட்டுக்கு மேல் கூடவே கூடாது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ நோக் குளிசை போட்டு வந்தால், அந்தக் குளிசையே தலையிடியைத் தரத் தொடங்கும்.

4. இரவில் நித்திரை வருகிறதா?

கொட்டிலுக்குக் கதவு இல்லை. நாய் குரைத்தால் விழிக்கிறார். பாம்பு வருமோ, ஆள் வருமோ என்று காது கொடுத்தபடி படுக்கிறார். நித்திரை கெட்டவருக்குப் பகலில் தலை இடிக்கும், கோபம் வரும், பிள்ளைக்கு அடியும் விழும்.

நுளம்பு வலை கட்டி, அதன் விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகிப் படுங்கள். அது நுளம்பை மட்டுமல்ல, இரவில் நிலத்தில் படுப்பவரைக் கடிக்கும் பாம்பையும் தடுக்கும். கொட்டிலைச் சுற்றி விறகு, கல், ஓடு குவிக்காதீர்கள். இரவில் ரோச் இல்லாமல் வெளியே போகாதீர்கள். சில பாம்புகள் கடித்தால் வீக்கமோ நோவோ இருக்காது. நித்திரையிலிருந்து எழும்பியவருக்குக் காரணமில்லாமல் வயிற்றுவலி வந்தாலும், கண் இமை தானாக மூடினாலும் பாம்புக்கடி என்று எண்ணி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வெட்டவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம்.

5. மனதில் என்ன பாரம்?

தன் காணிக்கு வந்த முதல் நாள் அந்தத் தாய் சந்தோஷப்பட்டார். இரண்டாம் நாள் அழுதார். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. கணவர் நட்ட மாமரம் நிற்கிறது. கணவர் எங்கே என்று இன்றுவரை தெரியாது. திரும்பி வருவது சந்தோஷம் மட்டுமே என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் இழந்தவை எவை என்பது கண்முன்னே தெரிவதும் இப்போதுதான். இந்தத் துக்கம் பைத்தியம் அல்ல, பலவீனமும் அல்ல. ஆனால் சொல்லாமல் அடக்கிய துக்கம் தலையிடியாகவும் நெஞ்சடைப்பாகவும் உடம்பு உளைவாகவும் வெளிவரும். அந்த நோ பொய் நோ அல்ல.

காணாமற்போனவரின் குடும்பத்தாரிடம் "மறந்துவிடு" என்று சொல்லாதீர்கள். அவர் இருக்கிறாரா இல்லையா என்று முடிவெடுக்க அவர்களை வற்புறுத்தவும் வேண்டாம். விளக்கு ஏற்றுவதோ, கோயிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ வேண்டுவதோ, ஒன்றும் செய்யாமல் இருப்பதோ அவர்களது விருப்பம். அருகில் இருந்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அதுவே பெரிய உதவி.

கவலையை மறக்கக் கசிப்புக் குடிப்பவருக்கு அன்றிரவு கண் மூடும். நடுச்சாமத்தில் நித்திரை கலையும். வீட்டில் பயமும் கடனும் மிஞ்சும். குடியை விட விரும்புபவருக்கு வைத்தியசாலையில் உதவி உண்டு. நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமோ வலிப்போ வரலாம். வைத்தியரிடம் கேட்டே நிறுத்த வேண்டும்.

இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை, சாப்பாடு, வேலை மூன்றும் கெட்டுப்போனால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஒருவர் "இருந்து என்ன பயன்" என்று கதைத்தால் விளையாட்டாக எடுக்காதீர்கள். சாக எண்ணுகிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிகொல்லி, களைநாசினிப் போத்தல்களை வீட்டிலிருந்து அகற்றிப் பூட்டி வையுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926; இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

6. யாரோடு கதைக்கிறீர்கள்?

நலன்புரி நிலையத்தில் இடநெருக்கடி இருந்தது. ஆனால் பேச ஆட்கள் இருந்தார்கள். இப்போது காணி பெரிது. அடுத்த வீடு தூரத்தில். பக்கத்துக் காணிக்காரர் இன்னும் வரவேயில்லை. அந்தத் தாய் மூன்று நாள் வெளியாளோடு ஒரு வார்த்தையும் கதைக்காமல் இருந்திருக்கிறார்.

திரும்பி வந்த நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தால் பல வேலை இலகுவாகும். கிணறு இறைப்பதைச் சிரமதானமாகச் செய்யலாம். ஒருவர் பிள்ளைகளைப் பார்க்க, மற்றவர்கள் கிளினிக் போய்வரலாம். பாடசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டமாக அனுப்பலாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இன்னும் தொடங்கவில்லையென்றால் கிராம அலுவலரிடம் கேளுங்கள். பிள்ளைகள் பின்னேரம் விளையாடட்டும். ஆனால் வெடிபொருள் அகற்றப்பட்டது என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் மட்டும். வயது போனவர்களிடம் ஊரின் பழைய ஒழுங்கைகளையும் கிணறுகளையும் பற்றிக் கேளுங்கள். அவர்களுக்கும் தாங்கள் தேவையானவர்கள் என்ற எண்ணம் வரும்.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய தலையிடி

• திடீரென்று, முன்பு ஒருபோதும் இல்லாத அளவுக்குக் கடுமையாக வந்தால்
• காய்ச்சல், கழுத்து விறைப்பு, தொடர்ந்த வாந்தி, மயக்கம் இருந்தால்
• ஒரு பக்கக் கை கால் சோர்ந்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால்
• தலையில் அடிபட்ட பின்னர் வந்தால்
• கர்ப்பிணிக்குத் தலையிடியோடு பார்வை மங்கல், முகம் கை வீக்கம் இருந்தால்

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இடத்தைச் சொல்ல ஒரு கோயிலையோ பாடசாலையையோ சந்தியையோ அடையாளமாக இப்போதே குறித்து வையுங்கள்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியவை

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. ஒரு நாள் இரவு குடும்பமாக இருந்து இந்தக் கேள்விகளைக் கதையுங்கள்:

1. வீட்டில் யாருக்கு நோ இருந்தும் சொல்லாமல் இருக்கிறார்?
2. யாருடைய குளிசை நின்றுபோயிருக்கிறது? எந்த நாளில் யார் அவரைக் கூட்டிப்போவது?
3. பெண்களும் பிள்ளைகளும் பயமில்லாமல் மலசலகூடம் போக என்ன செய்யலாம்?
4. இன்று கடைசியாகச் சாப்பிட்டவர் யார்? நாளை அவருக்கு முதலில் பரிமாறலாமா?
5. ஒழுங்கையில் தனியே இருப்பவர் யார்? அவரை யார் போய்ப் பார்ப்பது?

அந்தத் தாய்க்குப் பனடோலும் சில நாள் தேவைதான். அதோடு ஒரு மறைப்பு, காலையில் ஒரு கோப்பைக் கஞ்சி, விட்டுப்போன கிளினிக், ஒரு நுளம்பு வலை, பின்னேரத்தில் கதைக்க ஓர் அயலவர் ஆகியனவும் தேவைப்பட்டன. இவற்றில் எதற்கும் வீட்டுத்திட்டக் காசு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று ஒன்றைத் தொடங்குங்கள்.