மைக்குக்கும் கணினிக்கும் நடுவே ஒரு பெட்டி

வானொலி நாடகமோ விளம்பரமோ, நல்ல ஒலிப்பதிவு வேண்டுமென்றால் இறக்காமத்துக்காரர் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியிருந்த காலம் ஒன்று. டொரிங்டன் சதுக்கத்து இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனக் கலையகம் 300 கிலோமீட்டருக்கும் அப்பால். இன்று விளம்பரம் செய்பவரும் பாட வீடியோ தயாரிப்பவரும் “மாதிரிக் குரலைப் பதிந்து அனுப்புங்கள்” என்று வட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். கலையக வேலையில் பாதி இப்போது உங்கள் தலையில். அதில் பலரும் இடறுவது, மைக்கைக் கணினியில் கொழுவும்போதே.

கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர்களிடம் நல்ல டைனமிக் மைக் இருக்கும்: ஷூர் எஸ்எம்58, இல்லையென்றால் அதைப் பார்த்துச் செய்த ஒன்று. 1966-இல் வந்த அந்த மாடல் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதன் அடியில் மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்பு. கணினியிலோ 3.5 மில்லிமீட்டர் துளை. இரண்டையும் சேர்க்கும் வயர் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள்.

வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஓங்கிப் பேசினாலும் அந்த மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதைப் பதியத்தக்க அளவுக்கு உயர்த்த 50 முதல் 60 டெசிபல் வரை கெயின் வேண்டும். 60 டெசிபல் என்றால் ஆயிரம் மடங்கு. கணினித் துளையின் பின்னால் இருக்கும் சுற்று, ஹெட்செட்டின் சின்ன மைக்குக்காகச் செய்யப்பட்டது. அதை முழுதாகத் திருகினால் குரலோடு ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் சேர்ந்தே எழும்.

இரைச்சலையாவது பொறுக்கலாம். எக்ஸ்எல்ஆரில் ஒரு முள் நிலத்தொடர்பு. மற்ற இரண்டிலும் ஒரே குரல் நேர்மாறாக வருகிறது. வழியில் ஒட்டும் இரைச்சலைப் பிறகு கழித்து நீக்கத்தான் இந்த ஏற்பாடு. சில மலிவு வயர்கள் அந்த இரண்டையும் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று பிரித்துவிடும். ஹெட்போனில் கேட்டால் ஏதோ வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான். வாடிக்கையாளர் ஒற்றை ஸ்பீக்கர் போனில் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, குரலே காணாமற்போகும். வேலை ஏன் கைநழுவியது என்று உங்களுக்குத் தெரியவும் வராது.

எனவே நடுவில் ஓர் ஓடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யூஎம்சி22 போன்ற, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. மைக்கை எக்ஸ்எல்ஆர் கேபிளால் பெட்டியிலும், பெட்டியை யூஎஸ்பியால் கணினியிலும் கொழுவுங்கள். ஹப் வேண்டாம், நேரடியாக. கையில் இருக்கும் காசில் முதற் செலவு இதுவாகட்டும்; விலையுயர்ந்த மைக் பிறகு பார்க்கலாம். தனியாள், பெட்டியே வேண்டாம் என்றால் சாம்சன் க்யூ2யூ மாதிரி யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் உள்ள மைக்கோடு தொடங்குங்கள். பின்னர் பெட்டி வாங்கினாலும் அது வீணாகாது.

பெட்டியில் 48 வோல்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும்; அழுத்தினால் கேபிள் வழியே மைக்குக்கு மின்சாரம் போகும். கண்டென்சர் மைக்குக்கு அது வேண்டும், டைனமிக்குக்கு வேண்டாம். பழைய ரிப்பன் மைக் என்றால் தொடவே வேண்டாம். ஏன் 48? 1966-இல் நோர்வே வானொலிக்காக ஜெர்மனியின் நோய்மன் நிறுவனம் இந்த முறையை அமைத்தபோது, அந்தக் கலையகங்களில் அவசர விளக்குகளுக்கான 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததாம். குளிர்கால இருட்டுக்குப் போட்ட வயர், உலகம் முழுக்க அளவாகிவிட்டது.

இனிக் கணினி. சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட்டாகப் பெட்டியைத் தெரிவுசெய்யுங்கள். விண்டோஸ் பழைய மைக்கையே பிடித்துக்கொண்டிருக்கும். ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ எல்லாவற்றையும் அணையுங்கள். இலவசமான ஒடாசிட்டியே போதும். மோனோவில் பதியுங்கள், இல்லாவிட்டால் குரல் இடது காதில் மட்டும் கேட்கும். வீடியோவுக்கு 48,000 ஹெர்ட்ஸ், ஒலிக்கு மட்டுமென்றால் 44,100. பெட்டி இடம்கொடுத்தால் இரண்டிலும் 24 பிட். மிக உரத்த சொல்லில் அளவுகோல் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். சிவப்பைத் தொட்டுக் கிழிந்த குரலை ஒழுங்காக மீட்க வழியில்லை.

‘ம்ம்ம்’ என்று அடியில் ஓர் இரைச்சல் கேட்டால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நிலத்தொடர்பு சரியில்லாத இடத்தில் அது அப்படியே பதிவுக்குள் வரும். கழற்றியதும் நின்றால், பற்றரியில் பதிந்துவிட்டுப் பிறகு சார்ஜ் போடுங்கள்.

பெட்டி வந்ததும் அறையின் குறைகள் எல்லாம் கேட்கத் தொடங்கும். வெறும் சுவரும் சீமெந்துத் தரையும் குரலைத் திருப்பி எறியும். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து அதை நோக்கிப் பேசுங்கள், பின்னால் மெத்தையை நிமிர்த்துங்கள். மைக் ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேரே இல்லாமல் சற்றுச் சாய்ந்து இருந்தால் ‘ப’ வெடிக்காது. ஃபேனை நிறுத்தினால் வியர்க்கும், வேறு வழியில்லை. பெரும்போக அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரங்கள் அதிகாலையிலேயே கிளம்பிவிடும். தகரக் கூரை வீடென்றால் மார்கழி மழைநாட்களை மறந்துவிடுங்கள். இஷாத் தொழுகை முடிந்து தெரு அடங்கிய பிறகு நீண்ட வேலைகளை வையுங்கள். பாங்கு நேரத்தைச் சுற்றிச் சிறு திருத்தங்களை மட்டும்.

அனுப்புவது வேவ் கோப்பாக இருக்கட்டும், ட்ரைவ் இணைப்பில். வட்ஸ்அப் குரல்பதிவாகப் போட்டால் அது நசுக்கிவிடும், இவ்வளவு பாடும் வீண். விலை பேசும்போதே எத்தனை திருத்தம் இலவசம் என்று எழுத்தில் முடிவுசெய்துகொள்ளுங்கள். பாதிப் பணம் முன்பணமாக. இரண்டு வாரம் கழித்து “அந்த ஒரு வசனத்தை மட்டும் மாற்றித் தாருங்கள்” என்று கட்டாயம் வருவார்கள். புதிய வசனம் பழையதோடு ஒட்ட வேண்டுமானால் கெயின் குமிழ் நின்ற இடத்தில் ஒரு துண்டு டேப்பும், மைக் ஸ்டாண்ட் நின்ற இடத்தில் தரையில் ஒரு சோக்குக் கோடும் இருக்க வேண்டும்.