வாசல் தாண்டிய குட்டி: முதன்முதலாக நாய் வளர்ப்பவர்களுக்கு

ஒரு பக்கம் ராஜபாளையம், மறுபக்கம் சிப்பிப்பாறை. இரண்டு நாட்டு நாய் இனங்களுக்குப் பேர் கொடுத்த ஊர்களுக்கு நடுவில் ஆலங்குளத்துக்காரர்கள் நாம் இருக்கிறோம். ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலையே வந்தது. அந்தப் பெருமையில் குட்டி வாங்க ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். நாற்பது வருஷமாக நாய் வளர்க்கிறேன். அதில் இரண்டு குட்டிகளைத் தொலைத்திருக்கிறேன். ஒன்று திரும்பக் கிடைத்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

1. குட்டியின் மேல் குற்றம் சொல்லாதீர்கள். மூன்று மாதக் குட்டிக்கு ரோடும் தெரியாது, லாரியும் தெரியாது. ஒரு வாசனை வந்தால் அதன் பின்னால் போகும். ஆட்டுக்குட்டி துள்ளினால் கூடவே ஓடும். திரும்பி வரும் வழியை யோசிக்கும் வயசு அதற்கு இல்லை. அந்த யோசனை நமக்குத்தான் இருக்க வேண்டும்.

2. குட்டி வருவதற்கு முன்னால் வாசலைச் சரிசெய்யுங்கள். முழங்கால் போட்டு உட்கார்ந்து, குட்டியின் உயரத்தில் இருந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். நின்று பார்த்தபோது தெரியாத சந்தெல்லாம் அப்போது தெரியும். தலை நுழைகிற இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு பக்கத்தில் இருந்தால் முதல் செலவு அதற்குத்தான்.

3. வெள்ளைக் குட்டி என்றால் காதைச் சோதித்துப் பாருங்கள். ராஜபாளையம் இனத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ரோமத்துக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் உள்காதுக்கும் தேவை. அவை இல்லாமல் போனால் உள்காதில் ஒலியை உணரும் அணுக்கள் செத்துவிடும்.

அப்போது எனக்கு இது தெரியாது. என் முதல் குட்டி ஒரு மாசி மாதச் சாயங்காலம் காணாமல் போனது. கம்மாய்க் கரை நெடுகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். விடிந்ததும் தூரத்துப் புஞ்சையில் கிடை போட்டிருந்த ஒரு கீதாரி வந்தார். "உங்க குட்டியா அண்ணாச்சி? ராத்திரி பூரா ஆட்டுக்குட்டிகளோட படுத்துக் கிடந்துச்சு" என்று கூட்டிப் போனார். நாலடி தள்ளி நின்று கூப்பிட்டேன். அது காதைக்கூட அசைக்கவில்லை. கீதாரி தரையில் காலை ஓங்கி மிதித்தார். அதிர்வு பட்டதும் தலையைத் தூக்கியது. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. பதினோரு வருஷம் என்னோடு இருந்தது. கைச் சைகையும் டார்ச் வெளிச்சமும் அதற்குப் போதுமாக இருந்தன.

காது கேட்கவில்லை என்று குட்டியை ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படித் தவிக்க விடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் பாவம்.

4. வெடிச் சத்தத்தை நினைவில் வையுங்கள். சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். தீபாவளி, கோயில் கொடை, கல்யாணம், தேர்தல் வெற்றி எல்லாவற்றுக்கும் வெடி உண்டு. மிரண்ட குட்டி தன் வீட்டையே மறந்து ஓடும். அந்த நாட்களில் உள் அறையில் பழைய துணி விரித்துப் படுக்க வையுங்கள். யாராவது பக்கத்தில் இருங்கள்.

5. கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். மலையடிவாரத்தில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் ஆனது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது. அங்கே வழிதவறும் குட்டிக்குச் சிறுத்தையால் ஆபத்து. ஊசி போடாத குட்டியால் காட்டுக்கும் ஆபத்து. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் செத்தபோது, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றில் சிலவற்றின் உடம்பில் இருந்தது தெரிய வந்தது.

6. காணோம் என்றால் பதறி ஓடாதீர்கள். முதலில் வீட்டைச் சுற்றிப் பாருங்கள்: படப்பு, விறகுக் குவியல், நிற்கிற வண்டிக்கு அடியில். அது படுத்திருந்த துணியை வாசலில் போடுங்கள். பால்காரர், டீக்கடைக்காரர், ஆடு மேய்ப்பவர், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் டிரைவர் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். சாயங்காலமும் விடிகாலையும் சத்தம் அடங்கிய நேரத்தில் தேடுங்கள். குட்டியைக் கண்டதும் துரத்தாதீர்கள். உட்கார்ந்துவிடுங்கள். அதுவே வரும். வந்ததும் அடிக்காதீர்கள். அடித்தால், வீட்டுக்கு வந்ததற்குத்தான் அடி என்று நினைத்துக்கொள்ளும்.

7. அடுத்தவர் குட்டி உங்கள் வாசலுக்கு வந்தால் தண்ணீர் வையுங்கள், நிழலில் கட்டுங்கள், நாலு தெரு விசாரியுங்கள். அழகாக இருக்கிறதே என்று வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கோ ஒரு வீட்டில் அன்று யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். பல் பட்டுவிட்டால், குட்டிதானே என்று விடாமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

8. தொலைத்தவரை ஏசாதீர்கள். என் இரண்டாவது குட்டி போன அன்று கதவைச் சாத்தாமல் வந்தவள் என் சின்ன மகள். அவளுக்கு ஒன்பது வயசு. வாய்க்கு வந்தபடி திட்டினேன். மூன்று நாள் தேடினோம், கிடைக்கவில்லை. நாலாம் நாள் கதவைச் சாத்தப் போனபோதுதான் உறைத்தது, கொண்டி பிடிக்கவில்லை. அது கழன்று ஒரு வாரமாக, "நாளைக்கு, நாளைக்கு" என்று தள்ளிப் போட்டவன் நான். அவள் சாத்தியிருந்தாலும் கதவு திறந்திருக்கும். இதை அவளிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். பல வருஷம் கழித்துத்தான் சொன்னேன். அதுவரை அவள் எந்தக் குட்டியையும் தொட்டுத் தூக்கவில்லை.

குட்டி வாங்கப் போகும் முன்னால் உங்கள் வீட்டுக் கொண்டியை ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.